பீடத் துணிக்கு அடியில்

வெஸ்ட்ரி
19 ஒக்டோபர் 2025, ஞாயிறு

கௌசலா,

வாட்ஸப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். ஆகவே பீடச் சாமான்கள் வைக்கும் இந்த அறையின் இழுப்பு லாச்சி. பீடத் துணிக்கு அடியில் வைக்கிறேன். அடுத்த ஞாயிறு உன்னுடையது. துணியை எடுக்கும்போது கையில் படும்.

முதலில் வேலை. பச்சை விரிப்பில் சிந்திய மெழுகை எடுத்துவிட்டேன். கிண்ணம் துடைக்கும் துணிகள் தோய்த்து, இஸ்திரி போட்டு, மேல் தட்டில். மெழுகுதிரி போதும். வைன் புதுப் போத்தல். மூடி உடைக்காதது. முகர்ந்தும் பார்த்தேன்.

பூ வைக்கவில்லை. பூ உன் வேலை. பீடம் மொட்டையாக இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

பீடத்தைக் கவனிக்க இந்தச் சபையில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் விட ஃபாதர் அருள்நேசனுக்குப் பயம். ஆகவே ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான். "கோவம் ஆறினாச் சொல்லுங்கோ, பேந்து பாப்பம்" என்றார். பிள்ளைக் காப்பகத்தில் சண்டை பிடித்த பிள்ளைகளைப் பிரித்து இருத்துவதுபோல.

நடந்ததை ஒரு முறை நேராக எழுதிவிடுகிறேன். அறுவடைத் திருநாள். ஆயர் வந்த நாள். மதியச் சாப்பாட்டுக்கு அச்சாறு போட நீ சிவப்பு வினாகிரி கொண்டுவந்தாய். எதில்? போன மாதம் முடிந்த நற்கருணை வைன் போத்தலில். நல்ல போத்தலை எறிய எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. கீழே சமையலறை முழுக்கப் பூசணிக்காய். இடமில்லை என்று வெஸ்ட்ரி அலுமாரியில் வைத்தாய். நான் எடுத்துக் குப்பியில் ஊற்றிப் பீடத்தில் வைத்தேன். சபை முழுக்கக் குடித்தது.

உன் போத்தல். என் கை.

இவ்வளவுக்குள் முடிந்திருக்கலாம். நீ வாசலில் வைத்துச் சொன்னது இதற்குள் அடங்கவில்லை.

வித்தியா


வெஸ்ட்ரி
26 ஒக்டோபர்

வித்தியா,

கடிதத்தைக் கண்டதும் கிழிக்கத்தான் எடுத்தேன், பிறகு பீடத்துக்கு முன்னால் நின்று கிழிப்பது சரியில்லை என்று உள்ளே வந்தேன், வந்த இடத்தில் கதிரையில் இருந்துவிட்டேன், இருந்தால் வாசிக்காமல் என்ன செய்வது, இந்த வயிற்றோடு உடனே எழும்பவா முடியும்?

முகர்ந்து பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த மூக்கு அறுவடை நாளில் எங்கே போயிருந்தது? போத்தலில் டேப் ஒட்டிப் பேனாவால் 'கௌசலா' என்று எழுதியிருந்தேனே. என் பெயர் எழுதிய போத்தலை நீ எதற்குப் பீடத்துக்குக் கொண்டுபோனாய்?

வெட்கம் முழுக்க எனக்குத்தான். யோகராணி அக்காவின் பாட்டுக்குழுவில் இப்போது என் பெயர் 'அச்சாறு'. வீட்டில் என் மனுசன் ரதீசனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அடுத்த முறை மிளகாயும் வெங்காயமும் போட்டு வையுங்கோ, ஆயர் கிழமைக்குக் கிழமை வருவார்" என்கிறார். உங்கள் கோயில் என்று தள்ளி நின்று சிரிக்க அவருக்கு வசதி, அவர் சைவ சமயம்.

வாசலில் சொன்னதை மறுக்கவில்லை. "விசுவாசம் இல்லாத கையால ஊத்தினா இப்பிடித்தான் புளிக்கும்" என்றேன். அந்தச் சொல்லை என் கையில் தந்தது நீ. கோடையில், ஜான்-டலோன் சந்தையில், பீச் பழம் பொறுக்கிக்கொண்டு நிற்கிறோம், விலை கேட்கிற மாதிரிக் கேட்டாய்: "கடவுள் இருக்கிறாரோ எண்டு எனக்குத் தெரியேல்ல கௌசலா, உனக்கு வடிவாத் தெரியுமோ?" நான் பழத்தைப் பையில் போட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்கு முதல் கிழமைதான் பிறக்கப்போகும் என் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்பாயா என்று உன்னைக் கேட்டிருந்தேன். நீயும் ஓம் என்றிருந்தாய்.

ஞானத்தாய் என்பது சாரி உடுத்திப் படத்துக்கு நிற்பதல்ல. சபைக்கு முன்னால் கேட்பார்கள், நீ பதில் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லுவாயா? உன்னை எனக்குத் தெரியும், சொல்லமாட்டாய். ஆகவே யோகராணி அக்காவைக் கேட்கப்போகிறேன்.

செவ்வந்தி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறும் நிற்கும். தண்ணீரை மாற்று.

கௌசலா


வெஸ்ட்ரி
2 நவம்பர்

கௌசலா,

தண்ணீர் மாற்றினேன். செவ்வந்தி நிற்கிறது.

சகல பரிசுத்தவான்களின் ஞாயிறு. வெள்ளை விரிப்பு. அது வெளுத்த வெள்ளை அல்ல, பழைய பல்லின் நிறம். ஆனாலும் வெயில் விழும்போது நன்றாக இருக்கிறது.

பெயர் ஒட்டியிருந்தது உண்மை. அதனால்தான் எடுத்தேன். வைனைக் காணிக்கையாகத் தருபவர்கள் பெயர் ஒட்டித்தான் தருகிறார்கள், உனக்கும் தெரியும். பிள்ளைக்காக நீ நேர்ந்து வைத்தது என்று நினைத்தேன். ஆயர் வரும் நாளில் உன்னுடையதை வைத்தால் உனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன். புதுப் போத்தல் பக்கத்திலேயே இருந்தது.

நீ அழுதது எனக்குத் தெரியாது.

சந்தையில் கேட்டது உண்மை. இன்றும் அதே. அதிகம் படித்ததால் வந்தது என்று சிலர் சொல்வார்கள். இல்லை. சில நாள் இருக்கிறது. சில நாள் கையை நீட்டினால் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பீச் பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒன்றும் இல்லாத நாள். உன்னிடம்தான் கேட்கத் தோன்றியது. வேறு யாரிடம்?

யோகராணி அக்காவைக் கேள். அவ நல்லவ. சத்தமாகப் பாடுவா. பிள்ளை கேட்டு வளரும்.

எனக்குக் கவலை இல்லை என்று ஒரு வரி எழுதினேன். பிறகு வெட்டினேன்.

வித்தியா


வெஸ்ட்ரி
9 நவம்பர்

அடியே வித்தியா,

எனக்காகவா எடுத்தாய்? என்னகா இது, இதை அன்றைக்கு வாசலில் சொல்ல உனக்கு வாய் இல்லையா? நான் கத்தக் கத்த நீ பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு நின்றாய். நீ அடுக்க அடுக்க எனக்கு இன்னும் ஏறியது.

சரி, கேள். ஃபாதர் போன கிழமை ஆயருடன் கதைத்தாராம். ஆயர் முதல் மிடறிலேயே அறிந்துகொண்டாராம். ஆனால் தமிழர் வைன் இப்படித்தான் இருக்கும் போல, முகம் சுளித்தால் சபை நோகும் என்று விழுங்கிவிட்டாராம். ஃபாதருக்கும் புளித்ததாம். அவர் நினைத்தது, இது ஆயர் தன்னோடு கொண்டுவந்த விசேஷ வைன் என்று. யோகராணி அக்கா சொல்கிறா: "நான் நினைச்சன், என்ர பாவம்தான் புளிக்குதெண்டு. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிட்டன்." வெள்ளைக்காரச் சபையில் மிஞ்சியிருக்கிற ஒரே ஆள் எங்கள் டொரத்தி அம்மா, அவ மட்டும் வாசலில் ஃபாதருடைய கையைப் பிடித்து, "இந்த முறை வைன் அருமை, எந்தக் கடையில் வாங்கினது?" என்று கேட்டாவாம்.

ஒரு சபை முழுக்க, ஒருவருக்கொருவர் மரியாதை பார்த்து, வினாகிரி குடித்திருக்கிறது. வெஸ்ட்ரியில் தனியாக இருந்து சிரித்தேன். பிள்ளையும் உள்ளே உருண்டது.

ஆனால் ஞானத்தாய் விஷயம் அப்படியே. அதில் எனக்குக் கோபம் இல்லை இப்போது, பயம்தான்.

கால் வீங்கியிருக்கிறது. பீடப் படி மூன்றும் மலை மாதிரி.

கௌசலா


வில்லரே
22 நவம்பர், சனி

வித்தியா,

டொக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். பிரஷர். பிள்ளை பிறக்கும் வரை மூன்றாம் மாடியை விட்டு இறங்கக் கூடாதாம், எங்கள் வீட்டு வெளிப்படி உனக்குத் தெரியும்தானே, பாம்பு மாதிரி வளைந்து, பனி விழுந்தால் ரதீசனே கம்பியைப் பிடித்துத்தான் இறங்குவார்.

ஆகவே இனி எல்லா ஞாயிறும் உன்னுடையது. கிறிஸ்மஸ் காலம் முழுக்க உன் தலையில். ரதீசன் இதைக் கொண்டுவந்து தருவார். "நான் சந்தையில பெட்டி தூக்கிற ஆள், தபால்காரன் இல்லை" என்று முணுமுணுப்பார், கவனிக்காதே. வருகைக்கால வளையத்துக்குப் பச்சைக் கொப்பும் அவர் வேலை செய்யும் கடையிலிருந்து கொண்டுவருவார்.

வளையத்தில் மெழுகுதிரி நான்கு, ஞாயிறுக்கு ஒன்று: மூன்று ஊதா, ஒரு ரோஸ். ரோஸ் மூன்றாம் ஞாயிறு. போன வருசம் நீ முதல் ஞாயிறே ரோஸை ஏற்றப் பார்த்தாய், நான் ஓடிவந்து தட்டினேன். இந்த வருசம் ஓடிவர ஆள் இல்லை.

ஒரு உதவி. ஞாயிறு நடப்பதை எழுது. ஆர் வந்தது, ஆர் வரவில்லை, எந்தப் பாட்டு, எது பிழைத்தது. எல்லாம். பத்து வருசமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை நான். சும்மா கிடந்து முகட்டைப் பார்த்தால் எனக்கு விசர் பிடிக்கும்.

கௌசலா


வெஸ்ட்ரி
30 நவம்பர், ஞாயிறு

கௌசலா,

எல்லாம் எழுதுகிறேன்.

காலையில் ஆலயத்துக்குள் என் மூச்சே எனக்குத் தெரிந்தது. ஆலயத்தைச் சூடாக்கும் பொயிலர் நின்றுவிட்டது. திருத்துபவர் பின்னேரம்தான் வருவார். ஃபாதர் வழிபாட்டு அங்கிக்கு மேல் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். பயணத்துக்கு ஆயத்தமான ஆள் போல.

"கீழ போவம்," என்றா யோகராணி அக்கா. "அடுப்பு இருக்கு."

வருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. சமையலறை.

ரோல்ஸ் உருட்டும் மேசையைத் துடைத்துப் பீடமாக்கினேன். துணி போதவில்லை. ஒரு முனையில் கோதுமை மா தெரிந்தது. நான்கு அடுப்பையும் எரித்தோம். சபை அடுப்பைச் சுற்றி நின்றது. யோகராணி அக்கா ஒன்றில் பருப்பை வைத்துவிட்டா. "எரியிற நெருப்பை ஏன் வீணாக்குவான்?"

நற்செய்தி. "விழித்திருங்கள்" என்று ஃபாதர் வாசித்த இடத்தில் பருப்பு பொங்கியது. மூன்று பேர் பாய்ந்தார்கள். ஃபாதர் வாசிப்பை நிறுத்தவில்லை. ஒரு கையில் புத்தகம், மறு கையால் மூடியைத் தூக்கினார்.

சமாதானம் சொல்லும் நேரம். எல்லாரும் தடித்த ஜாக்கெட்டில். கரடிகள் கட்டிப்பிடிப்பது போல. கொப்பு கொண்டுவந்த உன் ரதீசன் வழக்கம்போல் உட்காரக் கடைசி வரிசை வாங்கைத் தேடினார். சமையலறையில் கடைசி வாங்கு இல்லை. குளிர்பெட்டிக்கும் டொரத்தி அம்மாவுக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டார். எல்லாரும் கை கொடுத்தார்கள். டொரத்தி அம்மா தன் தமிழில் "சமாதானம்" என்று சொல்லி விடவேயில்லை, பிடித்துக்கொண்டே நின்றா. அவ கை குளிர்ந்திருந்ததாம். ரதீசன் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார்.

வைனை நான் முகர்ந்தேன். ஃபாதர் முகர்ந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். இனி இது எங்கள் வழிபாட்டு முறையில் சேர்ந்துவிடும் போல.

ஊதாவைத்தான் ஏற்றினேன்.

உன் இடம் வெறுமையாக இருந்தது என்று எழுத முடியாது. சமையலறையில் இடமே இருக்கவில்லை. ஆனால் அடிக்கடி திரும்பிப் பார்த்தேன்.

வித்தியா


வில்லரே
7 டிசெம்பர்

வித்தியா,

உன் கடிதத்தை ரதீசனுக்கு வாசித்துக் காட்டினேன். பருப்பு பொங்கிய இடத்தில் எனக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது, அவர் ஓடிவந்து பிரஷர் மெஷினைக் கட்டினார். மறுகா, சிரிப்பு அடங்கின பிறகு, தன்னைப் பற்றி எழுதியதைக் கேட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றார். உள்ளே வந்து, "அந்தக் கிழவி கையை விடேல்ல, தெரியுமோ" என்றார். இரண்டு தரம் சொன்னார்.

நான் ஒன்று கேட்கிறேன், பகிடி இல்லை, சண்டையும் இல்லை. நீ ஏன் வருகிறாய்? சனிக்கிழமை உன் வயதுப் பெட்டைகள் நித்திரை கொள்ளும் நேரத்தில் நீ இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறாய். உனக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு இருக்கிறது, நூலகத்தில் வேலை இருக்கிறது. நம்பாதவளுக்கு இங்கே என்ன?

இதை ரதீசனிடமும் கேட்டேன். அவர் சொன்னது: "நம்பாத ஆக்களை எல்லாம் வெளியில விட்டா உங்கட கோயிலில கதிரை ஆர் அடுக்கிறது?" அது அவருடைய பதில். எனக்கு உன் பதில் வேண்டும். படுத்துக் கிடந்து யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது, நீ குறுக்கி எழுதத் தேவையில்லை.

கௌசலா


வெஸ்ட்ரி
14 டிசெம்பர்

கௌசலா,

ரோஸ் மெழுகுதிரி ஏற்றியாயிற்று. சரியான ஞாயிறில். ஃபாதர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பாட்டுக்குழு கரோல் பழகியது. பொயிலர் வேலை செய்கிறது, கூடுதலாக. டொரத்தி அம்மா விசிறினா.

உன் கேள்வி. ஒரு கிழமை முழுக்க அதோடு மெட்ரோவில் போய்வந்தேன்.

வெஸ்ட்ரியில் இரண்டு தொட்டி. ஒன்று கை கழுவ. மற்றது மூடி போட்ட சிறியது. கிண்ணம் கழுவிய தண்ணீரை அதில்தான் ஊற்றுகிறோம். அதன் குழாய் சாக்கடைக்குப் போவதில்லை, நேரே ஆலயத்துக்கு அடியில் இருக்கும் மண்ணுக்குப் போகிறது. உனக்கு இது புதிதல்ல. நான் முதல் நாள் கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. இந்த நகரத்தில் எல்லாத் தண்ணீரும் ஒரே இடத்துக்குப் போகிறது. ஒரு குழாய் மட்டும் மண்ணுக்கு. அதற்காக யாரோ நிலத்தைத் தோண்டியிருக்கிறார்கள்.

அறுவடை நாளில் எல்லாரும் போன பிறகு கிண்ணத்தைக் கழுவினேன். அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. ஃபாதர் மிச்சத்தைக் குடித்துவிட்டு இருமி, "இது வினாகிரி" என்று சொல்லியாயிற்று. நீ வாசலில் கத்தியாயிற்று. குப்பியின் அடியில் கொஞ்சம் இருந்தது. அச்சாறுக்கான வினாகிரி. பெரிய தொட்டியில் ஊற்றியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை.

கை போகவில்லை. மண்ணுக்குத்தான் ஊற்றினேன்.

இதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. தலையைக் கேட்டால் தெரியாது என்கிறது. கை வேறு மாதிரி நடக்கிறது. அது ஏன் என்று பார்க்கத்தான் வருகிறேன் போல. அதோடு, வராமல் விட்டால் நீங்கள் எல்லாரும் ஞாயிறு காலையில் என்ன செய்கிறீர்கள் என்று வீட்டில் இருந்து யோசித்துக்கொண்டிருப்பேன்.

இவ்வளவுதான். குறுக்கவில்லை.

வித்தியா


ஆஸ்பத்திரி
20 டிசெம்பர்

வித்தியா,

பெண்.

நேற்றுப் பின்னேரம். அவசரப்பட்டுவிட்டாள். நாங்கள் இருவரும் நலம். ரதீசன் நலமில்லை, அழுதுகொண்டே இருக்கிறார், தாதி அவருக்குத்தான் தண்ணீர் கொடுத்தா.

உன் கடிதம் பையில் இருந்தது. பிரசவ நோ வந்து வந்து போகும்போது வாசித்தேன். அந்தத் தொட்டி இடத்தில் நோ வந்ததா அழுகை வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

ஞானஸ்நானம் ஜனவரி 11. ஃபாதருடன் கதைத்தாயிற்று. கேட்கிறேன், திரும்பவும்: நீ நிற்பாயா?

யோகராணி அக்காவை அப்போதே கேட்டேன். உனக்குச் சொல்லவில்லை. அவ சொன்னது: "எனக்கு விசரோ? அது வித்தியாவின்ர இடம். நீங்க ரெண்டு பேரும் சண்டை முடிச்சுப்போட்டுப் பிள்ளைக்குச் சட்டை தையுங்கோ."

போனில் தடையை எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுது. போனில் நீ 'ஓகே' என்று மட்டும் அனுப்புகிற ஆள்.

கௌசலா


வெஸ்ட்ரி
28 டிசெம்பர்

கௌசலா,

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ நித்திரை. எழுப்ப வேண்டாம் என்று ரதீசன் வாயில் விரலை வைத்தார். பிள்ளையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கொட்டாவி விட்டாள். வெளியே வந்து பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததிலும் ஏறாமல் நின்றேன். பனி விழுந்தது. எதையும் யோசிக்கவில்லை. அவ்வளவு சந்தோசம்.

அதனால்தான் பயம்.

இன்று வழிபாடு முடிய ஃபாதரிடம் போனேன். கிறிஸ்மஸ் குடிலில் ஒரு ஆட்டுப் பொம்மையின் கால் உடைந்துவிட்டது. ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், நம்பிக்கை நிச்சயமில்லாத ஆள் ஞானத்தாயா நிக்கலாமோ?"

"ஆர், நீரோ?"

"ஓம்."

"கௌசலாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். எழுதியிருக்கிறன்."

"அப்ப என்னை ஏன் கேக்கிறீர்? பிள்ளை அவவின்ர. அவவைக் கேளும்." பசைக் குழாயை என்னிடம் நீட்டினார். "மூடியைக் காணேல்ல. ஒருக்காத் தேடும்."

மூடியைத் தேடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன்னைக் கேட்கிறேன். சபைக்கு முன்னால் கேட்பார்கள், தெரியாததைத் தெரியும் என்று நீ சொல்லமாட்டாய் என்று எழுதியிருந்தாய். சரியாகத்தான் எழுதினாய். உன் மகளுக்கு நான் செய்யும் முதல் வேலை பொய்யாக இருக்கக் கூடாது. அன்று காலை ஒன்றும் இல்லாத நாளாக இருந்தால்?

வித்தியா


வில்லரே
4 ஜனவரி 2026

வித்தியா,

பிள்ளை மடியில், ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

முதலில் இது. வாசலில் சொன்னதைத் திருப்பி எடுக்கிறேன். அந்தக் கையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல் சொன்னேன்.

மறுகா, ஞானஸ்நான முறையை ஃபாதர் அனுப்பியிருந்தார், இரவும் பகலும் பால் கொடுக்கும்போது அதைத்தான் வாசிக்கிறேன். இவ்வளவு காலம் கேட்டிருக்கிறேன், வாசித்ததில்லை. ஞானத்தாயிடம் தனியாகக் கேட்கிற கேள்வி எது தெரியுமா? நீ எவ்வளவு நம்புகிறாய் என்று இல்லை. இந்தப் பிள்ளை சபையின் வாழ்வில் வளர நீ பொறுப்பு நிற்பாயா என்று. பதில்: 'கடவுளின் துணையோடு, நிற்பேன்.' செய்வாயா என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு உன்னால் பொய் சொல்ல முடியுமா? பொயிலர் நின்ற நாளில் ரோல்ஸ் மேசையில் துணி விரித்தவள் நீ.

விசுவாசப் பிரமாணம் வேறு. அதைச் சபை முழுக்கச் சேர்ந்து சொல்கிறது. யோகராணி அக்கா பாட்டுக்குழுவில் என்ன சொல்லித் தருவா? நீளமான சுரம் வந்தால் எல்லாரும் ஒரே நேரம் மூச்சு எடுக்கக் கூடாது. ஒராள் எடுக்கும்போது மற்றவர்கள் பிடித்துக்கொள்ள வேணும், அப்போதுதான் பாட்டு அறாது. ஒன்றும் இல்லாத நாளாக இருந்தால் நீ மூச்சு எடு. நாங்கள் பிடிக்கிறோம். எனக்கும் ஒரு நாள் அப்படி வரும், அன்றைக்கு நீ பிடி.

அந்தப் பதிலை மட்டும் நீயே சொல்ல வேணும். அதை உனக்காக ஒருவரும் சொல்ல முடியாது.

பெயர் தபித்தா. ரதீசன் முதலில் வாய்க்குள் நுழையவில்லை என்றார், இப்போது நாள் முழுக்க அதைத்தான் பாடுகிறார்.

வா.

கௌசலா


வெஸ்ட்ரி
11 ஜனவரி, ஞாயிறு

கௌசலா,

நீ கீழே இருக்கிறாய். உன் சத்தம் கேட்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். பழகிவிட்டது. அடுத்த ஞாயிறு நீ துணியை எடுக்கும்போது இருக்கட்டும். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்துதான். இருந்தாலும்.

நீ முன்னால் நின்றாய். என் முகம் உனக்குத் தெரிந்திருக்காது. அதனால் சொல்கிறேன்.

காலையில் எழும்பியபோது ஒன்றும் இல்லாத நாள். சாம்பல் வானம், வெறும் தலை. துணிக்கு இஸ்திரி போட்டேன். தண்ணீரை இளஞ்சூடாக்கி ஞானஸ்நானத் தொட்டியில் ஊற்றினேன். முழங்கையால் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சூடு. பச்சைத் தண்ணீர் கலந்தேன். மறுபடி தொட்டேன். அவளுக்குச் சரி.

பிறகு ரதீசன் அவளை என் கையில் வைத்தார். நான் நினைத்ததைவிடப் பாரம். தலை என் முழங்கை மடிப்பில். ஃபாதர் என்னைப் பார்த்துத் தொடங்கினார்: "நீர் முன்னிலைப்படுத்தும் இந்தப் பிள்ளை..."

"நிற்பேன்," என்றேன்.

அவர் கேள்வி பாதியில் நின்றது. சபை சிரித்தது. நீயும் சிரித்தாய், தோள் குலுங்கியது, பின்னாலிருந்து தெரிந்தது. டொரத்தி அம்மா கை தட்டினா. எனக்கு முகம் எரிந்தது. ஃபாதர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "கேள்வியைக் கேட்டு முடிக்கவும் விடுமன், தங்கச்சி," என்றார். "எனக்கும் ஒரு வேலை இருக்கட்டும்."

தொடக்கத்திலிருந்து கேட்டார். முழுவதும் கேட்டேன். ஒவ்வொரு சொல்லாக. பிறகு சொன்னேன்: கடவுளின் துணையோடு, நிற்பேன்.

முதல் தரம் வாய் சொன்னது. இரண்டாம் தரம் நான் சொன்னேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

விசுவாசப் பிரமாணத்தில் ஓரிடத்தில் மூச்சு எடுத்தேன். யாருக்கும் தெரிந்திருக்காது. யோகராணி அக்கா ஒராளே போதும். ரதீசனின் உதடும் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்காதே. பெயராக இருக்கலாம்.

தண்ணீர் பட்டபோது அவள் அழவில்லை. கோபப்பட்டாள். உன்னைப் போல.

இப்போது பெரிய துணியை மடிக்கிறேன், நாளைக்குத் தோய்க்க. நூல் ஒன்றும் பிரியவில்லை. சாம்பிராணி மணம் அல்ல, குழந்தைப் பால் மணம் அதில்.

யாரோ படியில் ஏறி வருகிறார்கள். யோகராணி அக்கா. பாதிப் படியில் நின்று கத்துகிறா: "எங்க, பிள்ளையின்ர ஞானத்தாய் எங்க? இறங்கி வா, சோறு ஆறுது!"

ஒரு கணம் யாரைக் கூப்பிடுகிறா என்று யோசித்தேன்.

இதோ, போகிறேன்.

வித்தியா